வட்டத்துக்குக் குறுக்கே ஒரு கோடு

சன்னல் பக்கம் நீங்களே இருந்துக்கிடுங்க தம்பி. எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கிடுதேன். மேல போட்டா ஒடைஞ்சிரும், உள்ள கண்ணாடி போட்ட படம் இருக்கு.

எங்க போறிய? திருநெவேலியா. சொந்த ஊரு? சுரண்டையா! சுரண்டையில எந்தப் பக்கம்? பஸ் ஸ்டாண்டு பக்கம்னா கீழ்பக்கமா மேல்பக்கமா? அப்பா பேரு? சரி சரி, சொல்ல வேண்டாம், சும்மாதான் கேட்டேன். முகத்தத் திருப்பிக்கிடாதீங்க. முப்பத்தொரு வருசம் ரெவின்யூல குப்ப கொட்டினவன். ஆர்.ஐ.யா, அதான் ரெவின்யூ இன்ஸ்பெக்டரா இருந்து ஓய்வு. ஊரு, தெரு, அப்பன் பேரு கேக்காம எனக்கு ஒரு ஆள்ட்டப் பேச்சு ஆரம்பிக்காது. அது பழக்கம். மத்தபடி சாதி கீதியெல்லாம் நான் பாக்கிறதில்ல. அத முன்னாடியே சொல்லிருதேன்.

என் பேரு குற்றாலலிங்கம். தென்காசி. வயசு அறுபத்தொண்ணு. எம்.ஏ. ரெண்டாம் வருசம் படிக்கேன்.

சிரிங்க, சிரிங்க. கண்டக்டர்கூட, மாணவர் பாஸ் எடுக்கலியா பெருசுன்னு கேலி பண்ணுவான். யுனிவர்சிட்டியில ஒரு படிப்பு இருக்கு. சமயம், அரசியல், சமூகம். மூணையும் ஒண்ணாப் போட்டுப் படிக்கணும். கோயில் எப்படி வந்துச்சு, ஓட்டு எப்படி விழுது, எவன் எவன் வீட்டுல தண்ணி குடிக்கான், குடிக்க மாட்டேங்கான், எல்லாம் அதுல வரும். நல்ல படிப்புதான்.

இன்னைக்கு வகுப்பு கெடையாது. எங்க துறையில பதினோரு மணிக்கு ஒரு அஞ்சலிக் கூட்டம். என் மகளுக்கு. செண்பகம்னு பேரு.

உச்சு கொட்டாதீங்க தம்பி. மக உசுரோடதான் இருக்கா. பாளையங்கோட்டையில டீச்சரா இருக்கா. மாச மாசம் சம்பளம் வாங்குதா, நல்லாத்தான் இருக்கா. ஆனா பதினோரு மணிக்கு அவ படத்துக்கு மாலை போடணும். நான்தான் போடணும். பிள்ளைக எல்லா ஏற்பாடும் பண்ணிட்டாவ. யுனிவர்சிட்டிக்கு ரோடு பிரியுத விலக்குல இறங்குறதுக்குள்ள நான் ஒரு முடிவுக்கு வந்தாகணும். மணி என்ன? ஒம்பதே கால். அப்ப நேரம் இருக்கு. நீங்க தூங்குற ஆளு இல்லியே?

என்னைப் பைத்தியாரன்னு நெனைச்சிராதீங்க. மொதல்ல இருந்து சொல்லுதேன்.

என் சம்சாரம் உலகம்மா தவறி ரெண்டு வருசமாச்சு. அவ இருந்தவரைக்கும் வீட்டுல நான்தான் பேசுவேன், அவ கேப்பா. அவ போனப்பொறவுதான் தெரிஞ்சுது, கேக்க ஆள் இல்லன்னா பேச்சுக்கு ஒரு அர்த்தமே இல்லன்னு. டிவியப் போட்டு அதுகூடச் சண்டை போடுவேன். செய்தி வாசிக்கிற பிள்ளையப் பாத்து, நீ சொல்லுதது தப்புன்னு சத்தம் போடுவேன். அது பாட்டுக்கு அடுத்த செய்திக்குப் போயிரும்.

அப்பத்தான் பேப்பர்ல பாத்தேன், இந்தப் படிப்புக்கு வயசு வரம்பு கெடையாதுன்னு. சேந்துட்டேன். எல்லாரும் கேட்டாவ, இந்த வயசுல எதுக்கு இதுன்னு. அறிவு, தேடல் அப்படின்னு என்னத்தையோ சொன்னேன். உங்ககிட்ட சொல்லுததுக்கு என்ன? வகுப்புல தெனமும் பேர் கூப்பிடுவாவ, பாத்தியளா. வருகைப்பதிவு. நான் போயி அட்மிஷன் போடும்போது பக்கத்து வகுப்புல கூப்பிட்டுக்கிட்டு இருந்தாவ. ஒரு பேரு, ஒரு பதில், ஒரு பேரு, ஒரு பதில். எனக்கு அது பிடிச்சுப் போச்சு. ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது ஒருத்தர் நம்ம பேரச் சொல்லி, ஆள் இருக்கா இல்லியான்னு கேக்காவள்லா.

ஆனா என்ன நடந்துச்சுங்கிய? பேர் கூப்பிடுததோட சரி. அதுக்கு மேல ஒரு பிள்ளையும் என் பக்கம் திரும்பாது. இருவத்திரெண்டு பேரு. எல்லாம் இருவது இருவத்தொரு வயசு. நான் மொத பெஞ்சுல இருப்பேன். ஒரு பெஞ்சுக்கு மூணு பேரு. என் பெஞ்சுல நான் ஒருத்தன்தான். கேன்டீன்ல டீய வாங்கிக்கிட்டு ஒரு மேசைக்குப் போனா, அங்கிள் ஒக்காருங்கன்னு எந்திரிச்சு எடம் குடுப்பாவ. எல்லாருமே எந்திரிச்சுருவாவ. பொறவு திரும்பி வர மாட்டாவ. மரியாதைதான். மரியாதைய வச்சு என்ன செய்ய?

நான் வகுப்புல கொஞ்சம் அதிகமாப் பேசுவேன்தான், இல்லங்கல. தஸ்நீம் மேடம்னு எங்க பேராசிரியர், மேலப்பாளையத்துக்காரங்க, என் மக வயசுதான் இருக்கும். அவங்க ஒண்ணு சொன்னா நான் நடைமுறையில எப்படின்னு ரெண்டு சொல்லுவேன். பட்டா மாறுதல், கோயில் நிலம், கோயில் கொடைத் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுததுல வந்த தகராறு, எல்லாம் நான் நேர்ல பாத்ததுல்லா. பின்னாடி இருந்து ஒருத்தன் கொட்டாவி விடுவான். அத நான் கண்டுக்கிடுததில்ல.

அகமணம்னு ஒரு பாடம். அவனவன் சாதிக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறது. அதுக்கு நான் எழுதின கட்டுரை இருவது பக்கம். அகமணம் ஒழியாம இந்த நாட்டுல சாதி ஒழியாதுன்னு அடிச்சு எழுதியிருக்கேன். மிக நன்றுன்னு போட்டிருக்காவ மேடம். வகுப்புல அதுக்கு மேல ஒருத்தருக்கும் மார்க் கெடையாது. வீட்டுல லேமினேட் பண்ணி வச்சிருக்கேன்.

பாவூர்சத்திரம் வந்துட்டு. தண்ணி குடிக்கியளா? நானே கொண்டாந்திருக்கேன், புடிங்க. அட, வாய் வச்சே குடிங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். இந்தா, பொறவு நான் வேற வாங்கிக்கிடுதேன்.

போன வருசம் கார்த்திகை வாக்குல மேடம் ஒரு வேலை குடுத்தாவ. அடுத்த வீட்ட ஆராய்ச்சி பண்ணுததுக்கு முந்தி உங்க வீட்ட வரைஞ்சு கொண்டாங்கன்னு. உறவுமுறை வரைபடம். ஆம்பளைன்னா முக்கோணம். பொம்பளைன்னா வட்டம். கல்யாணம் ஆனவங்களுக்கு நடுவுல ரெண்டு கோடு. பிள்ளைகளுக்குக் கீழ ஒரு கோடு இழுக்கணும். செத்தவங்கன்னா அந்த முக்கோணம், வட்டத்துக்குக் குறுக்க சாய்வா ஒரு கோடு. நாலு தலைமுறைக்குப் போடணும்.

எனக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. நிலத்த அளந்து புலப்படம் வரைஞ்ச கைல்லா இது? ஸ்கேல் வச்சு, இந்தியன் இங்க்ல, ஒவ்வொரு பேரும் அச்சு மாதிரி எழுதினேன். எங்க தாத்தாவுக்குக் கோடு. ஆச்சிக்குக் கோடு. அப்பாவுக்கு, அம்மைக்கு. உலகம்மாவுக்குக் கோடு போடும்போது கொஞ்சம் கண்ணக் கரிச்சுது. அவளுக்குக் கீழ ஒரே ஒரு வட்டம். செண்பகம். அதுக்கும் குறுக்க ஒரு கோடு போட்டேன்.

ஏன் போட்டேன்னு கேக்கியளா? செத்தவளுக்குக் கோடு போடணும்னு விதி. எனக்கு அவ செத்துப் பத்து வருசமாச்சு. நான் ஒண்ணும் கோவத்துல போடல. சரியா இருக்கணும்னுதான் போட்டேன்.

அவ ஒரு பையனக் கட்டிக்கிட்டா. எசக்கிமுத்துன்னு பேரு. கெட்ட பையன்னு சொல்ல மாட்டேன். நல்லாப் படிச்ச பையன், நல்ல வேலை. கும்பிடுத சாமி ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான். தெருதான் வேற. அவன் காலேசுல சேர சாதிச் சான்றிதழ் வேணும்னு அவன் அப்பா என் ஆபீசுக்குத்தான் வந்தாரு. நான் பரிந்துரை எழுதாம தாசில்தார் கையெழுத்துப் போட மாட்டாரு. நான் எழுதிக் குடுத்தேன். இழுத்தடிச்சேனா? இல்ல. மூணே மூணு தடவதான் வரச் சொன்னேன். மூணு தடவையும் அவரு வாசப்படிக்கு வெளியதான் நின்னாரு. நான் நிக்கச் சொல்லல, பாத்துக்கிடுங்க. அவராத்தான் நின்னாரு.

இவ ரெஜிஸ்டர் ஆபீசுல கல்யாணத்த முடிச்சிட்டுப் போன் பண்ணுதா. நான் சத்தம் போடல. திட்டல. போன வச்சிட்டு, என் தம்பியக் கூட்டிக்கிட்டுச் சித்தாத்துக்குப் போனேன். ஐயர் வர மாட்டேன்னுட்டாரு. உசுரோட இருக்க பிள்ளைக்கு நான் என்னன்னு மந்திரம் சொல்லன்னு கேட்டாரு. சரி போம்னு நானே முங்கித் தலை முழுகினேன். ஈர வேட்டியோட வீடு வந்து சேந்தேன். எங்கள்ள அது வழக்கம்தான். பிள்ள இல்லன்னு ஆக்கிருததுக்கு. உலகம்மாவையும் கூப்பிட்டேன். அவ வரல. அடுப்படிக்குள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டா. மூணு நாள் அவ எனக்குச் சோறு போட்டா, ஆனா ஒரு வார்த்தை பேசல. நாலாம் நாள் பேசிட்டா. ஆகவே அவளுக்கும் சம்மதம்தான்னு நான் எடுத்துக்கிட்டேன்.

அப்படின்னா, நான் கோடு போட்டதுல என்ன தப்பு? நீங்களே சொல்லுங்க. முறைப்படி முழுகியாச்சு. முழுகினா செத்த மாதிரிதான. வரைபடத்துல உசுரோட இருக்கவங்களுக்கு ஒரு குறி, செத்தவங்களுக்கு ஒரு குறி, ரெண்டுதான் இருக்கு. தலை முழுகினவங்களுக்குன்னு தனிக் குறி இல்லியே.

மேடம் என் படத்தத் தூக்கி வகுப்புல எல்லாருக்கும் காட்டுனாவ. இப்படித்தான் வரையணும்னு சொன்னாவ. அப்படியே பாத்துக்கிட்டு வந்தவங்க, கீழ வந்ததும் நின்னுட்டாவ. மெல்லமாக் கேட்டாவ: "சார், உங்க மக... தவறிட்டாங்களா?"

நான் ஆமான்னு சொன்னேன்.

"என்ன வயசுல சார்?"

அங்கதான் வெனை. ஒம்பதுன்னு வாயில வந்துட்டு. காய்ச்சல்னேன். ஏன் ஒம்பதுன்னா எனக்குத் தெரியாது. எதையாவது சொல்லணும்லா. கொட்டாவி விடுதவன்கூட வாய மூடிக்கிட்டான்.

அன்னைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாப்புல ஒரு பிள்ள என் பக்கத்துல வந்து நின்னா. மெர்லின்னு பேரு, உவரிக்காரப் பிள்ள. நல்ல துடி. அங்கிள், சாப்டியளான்னு கேட்டா. தம்பி, என்னைய ஒரு ஆள் சாப்டியளான்னு கேட்டு அன்னைக்கு எத்தன மாசம் ஆயிருக்கும்ங்கிய? இல்லம்மான்னேன். மறுநாள் எனக்கும் சேத்துச் சோறு கட்டிக் கொண்டாந்துட்டா.

அதுல பொறவு என் பெஞ்சுல எடமே இல்ல. ஒரு பக்கம் மெர்லின், இன்னொரு பக்கம் ஒவ்வொரு நாளைக்கு ஒருத்தர். கேன்டீன்ல மேசைக்குப் போனா யாரும் எந்திரிக்க மாட்டாவ. நகந்து எடம் விடுவாவ. நான் சொல்லுத கதையெல்லாம் கேப்பாவ. அதே பட்டா கதைதான், அதே காப்புக் கட்டுத கதைதான். இப்ப மட்டும் கேக்காவ. வாட்ஸப் குரூப்புல என்னையும் சேத்துட்டாவ. காலையில எந்திரிச்சா இருவத்திரெண்டு குட்மார்னிங் கெடக்கும்.

இன்னொண்ணு சொல்லுதேன், தென்காசியில யார்ட்டயும் சொல்லிராதீங்க. நாங்க சுத்த சைவம். என் அப்பா தாத்தா காலத்துல இருந்து முட்டைகூட உள்ள வந்ததில்ல. ஒரு நாள் மெர்லின் டப்பாவத் தொறக்கா, உள்ள மீன் கொழம்பு. அவளுக்குத் தெரியாது பாவம். எனக்குன்னு அவ அம்மா நல்ல துண்டமாப் பாத்து வச்சிருக்காவளாம். வேண்டாம்னு சொன்னா அந்தப் பிள்ள முகம் வாடிரும். ஊத்தித் தின்னுட்டேன். தின்னா என்ன? சாதி போயிருமா, மதம் போயிருமா? ஒரு பிள்ள ஆசையாக் கொண்டு வரும்போது அதெல்லாம் பாக்க முடியுமா?

என்ன, சிரிக்கிய? இல்லியா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு.

அப்பப்ப கேப்பாவ. உங்க பொண்ணு என்ன படிச்சா, என்ன பிடிக்கும்னு. நான் பொய் சொல்லல. அவ ஒம்பது வயசு வரைக்கும் செஞ்சதையெல்லாம் அப்படியே சொன்னேன். ஐந்தருவியில தண்ணியப் பாத்துப் பயந்து என் தோள்ல ஏறி ஒக்காந்துக்கிட்டது. ஆபீசு சீல எடுத்து வீட்டுச் சுவரு பூரா குத்தி வச்சது. சொல்லச் சொல்ல எனக்கே ஞாபகம் வரும். பத்து வருசமா அவ பேரு என் வாயில வரல தம்பி. அங்க தெனமும் சொன்னேன். அவ செத்துப்போனதாச் சொன்னப்பொறவுதான் அவளப் பத்திப் பேச எனக்கு ஆள் கெடைச்சுது. இது என்ன கூத்துன்னு ராத்திரி படுத்துக்கிட்டு நெனைப்பேன். ஆனா மறுநாளும் பேசுவேன்.

ஆலங்குளமா இது? ஆமா. பாதி தூரம் வந்தாச்சு.

இந்த ஆடியில எங்க துறையில ஒரு கண்காட்சி வச்சாவ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளக் கூட்டிட்டு வந்து காட்டணும்னு. என் வரைபடம் நடு சுவருல, சட்டம் போட்டு. பக்கத்துல நின்னு விளக்கம் சொல்ல என்னையும் மெர்லினையும் போட்டிருந்தாவ. காலையில நாலு பள்ளிக்கூடம் வந்துச்சு. மத்தியானம் ஒண்ணு வந்துச்சு. பாளையங்கோட்டையில இருந்து.

ஒம்பதாங்கிளாஸ் பிள்ளைக வரிசையா வருது. கடைசியில டீச்சர் வராவ. நீலக்கலர் காட்டன் சேலை, கண்ணாடி. எங்கேயோ பாத்த மொகமா இருக்கேன்னுதான் மொதல்ல நெனைச்சேன். செண்பகத்தக் கண்ணாடி போட்டு நான் பாத்ததில்ல பாத்தியளா.

நடுவுல ஒரு தடவ பாத்திருக்கேன். உலகம்மா தவறின அன்னைக்கு. நான் சொல்லி அனுப்பல. யாரோ சொல்லியிருக்காவ. வந்து தெருமுக்குல டிரான்ஸ்பாரம் பக்கத்துல நின்னா, காலையில இருந்து சாயங்காலம் எடுக்குத வரைக்கும். என் தம்பி வந்து, அண்ணே என்ன செய்யன்னு கேட்டான். நான் ஒண்ணும் சொல்லல. வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. எங்க ஆபீசுல முடிவெடுக்க முடியாத மனுவ நிலுவையில வைப்போம். அப்படி வச்சேன். எடுத்துக்கிட்டுப் போகும்போது அவளத் தாண்டித்தான் போனோம். அவ கையெடுத்துக் கும்பிட்டா. அவ்வளவுதான். நான் என்ன, வெரட்டினேனா? வெரட்டலியே.

சரி, கண்காட்சிக்கு வாறேன். அவ என்னையப் பாத்துட்டா. பொறவு சுவரப் பாத்தா. என் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு பேராப் படிச்சுக்கிட்டே கீழ வந்தா. தாத்தா, ஆச்சி, அம்மா. கடைசி வட்டத்துல வந்து நின்னா.

இந்த மெர்லின் சும்மா இருக்காம, தாழ்ந்த குரல்ல அவகிட்டயே போயிச் சொல்லுதா: "மிஸ், இது எங்க அங்கிள் வரைஞ்சது. அவங்க பொண்ணு சின்ன வயசுலயே இறந்துட்டாங்க. பிள்ளைங்க முன்னாடி கேக்காதீங்க மிஸ், அங்கிள் தாங்க மாட்டாங்க."

அவ மெர்லினப் பாத்தா. என்னையப் பாத்தா. நல்லவேளை, சத்தம் போடுவான்னு நெனைச்சேன், போடல. யாரோ ஒரு பெரிய மனுசன்ட்ட கேக்குத மாதிரி, அவ்வளவு மரியாதையாக் கேட்டா: "எப்படி சார் இறந்தாங்க?"

"காய்ச்சல்ல."

"என்ன வயசு சார் அப்ப?"

"ஒம்பது."

அந்த வட்டத்த இன்னொரு தடவ பாத்தா. பொறவு சொன்னா: "கொடுத்து வச்ச பிள்ள சார். கடைசி வரைக்கும் அப்பா தோள்ல இருந்திருக்கா."

என்ன அர்த்தத்துல அப்படிச் சொன்னாளோ, இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. செத்த பிள்ள எப்படிக் கொடுத்து வச்ச பிள்ளையாவும்?

அப்படியே திரும்பி அவ வகுப்புப் பிள்ளைகள்ட்ட, "நோட்டுல குறிச்சுக்கோங்கப்பா, வட்டத்துல குறுக்குக் கோடு இருந்தா இறந்தவங்கன்னு அர்த்தம்"னு சொன்னா. குரல் கொஞ்சம்கூடப் பிசகல. நல்ல டீச்சர்தான். எல்லாரும் சாருக்கு வணக்கம் சொல்லுங்கன்னா. நாப்பது பிள்ளைக ஒரே சத்தமா வணக்கம் சார்னுது. அவளும் கும்பிட்டுட்டுப் போயிட்டா.

அவ வாசலத் தாண்டுத வரைக்கும் நின்னேன். பொறவு தரையில ஒக்காந்து அழுதேன் தம்பி. உலகம்மா போனதுக்குக்கூட நான் அப்படி அழல. பிள்ளைக ஓடி வந்துட்டாவ. மெர்லின் என் தலையத் தடவிக்கிட்டு, அந்த மிஸ் கேட்டிருக்கக் கூடாது, கேட்டிருக்கக் கூடாதுன்னு அவளும் அழுதா. எல்லாரும் சேந்து என் மகளத் திட்டுதாவ. எனக்கு ஆறுதல் சொல்லுததுக்காக.

அன்னைக்குத்தான் முடிவு பண்ணிட்டாவ. அங்கிள் மனசுக்குள்ளயே வச்சு வெந்துக்கிட்டு இருக்காவ, செண்பகத்துக்கு நாம ஒரு நாள் எடுத்து அஞ்சலி செய்யணும்னு. எந்தத் தேதியில தவறினான்னு கேட்டாவ. ஆவணி ஏழுன்னேன். அது நான் சித்தாத்துல முழுகின தேதி. இன்னைக்குத்தான் அது.

தஸ்நீம் மேடம் மட்டும் கூட்டத்துல சேரல. மறுநாள் தனியாக் கூப்பிட்டாவ. "சார், நேத்து வந்த டீச்சருக்கும் உங்களுக்கும் நெத்தி ஒரே மாதிரி இருந்துச்சு"ன்னாவ. நெத்தி எல்லாருக்கும் ஒண்ணுதான மேடம்னேன். அவங்க சிரிக்கல. வரைபடத்துல தப்பு ஏதும் இருந்தாத் திருத்திக் குடுங்க சார், மார்க் குறைக்க மாட்டேன்னு சொன்னாவ. எங்க ஆபீசுல அடித்தல் திருத்தல் இருந்தாப் பக்கத்துல சுருக்கொப்பம் போடணும் மேடம், திருத்தினது யாருன்னு தெரியணும்னேன். "அப்ப சுருக்கொப்பம் போட்டே குடுங்க"ன்னாவ. நான் போடல. போட்டா எல்லாருக்கும் தெரிஞ்சு போகும்லா. பெஞ்சு மறுபடியும் காலியாயிரும். சோத்து டப்பா வராது. காலையில எந்திரிச்சாப் போன் வெறுசாக் கெடக்கும். சொல்லுததுக்கு லேசா இருக்கு உங்களுக்கு. தனியா ஒரு வீட்டுல இருந்து பாருங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு வெளக்கப் போடலாமா வேண்டாமான்னு ஒரு மணி நேரம் யோசிச்சிருக்கியளா நீங்க? நான் யோசிச்சிருக்கேன்.

படம் வேணும்னு கேட்டாவ. இந்தா, இதுதான். பாருங்க. ஐந்தருவியில எடுத்தது. ரெட்டை ஜடை. இந்தக் கை என் கைதான், தோளப் புடிச்சிருக்குல்லா, மீதியச் சட்டம் போடுதவன் வெட்டிட்டான். நேத்து மெர்லின் போன்ல கேக்கா, அங்கிள் படம் எத்தன இஞ்சு, மாலைக்கு அளவு சொல்லணும்னு. நான் ஸ்கேல எடுத்து அளந்து சொன்னேன். பன்னெண்டுக்குப் பத்து. சொல்லிட்டுப் போன வச்சேன். கை நடுங்க ஆரம்பிச்சுது. இப்பவும் பாருங்க.

தலை முழுகும்போது நடுங்கல. கோடு போடும்போது நடுங்கல, ஸ்கேல் வச்சு நேராப் போட்டேன். மாலைன்னதும் நடுங்குது. உசுரோட இருக்கவங்க படத்துக்கு மாலை போட்டா ஆயுசுக்கு ஆகாதும்பாவ. நான் சமயம் படிக்கிறவன், இதெல்லாம் எப்படி எதுக்கு வந்துச்சுன்னு பதினஞ்சு மார்க்குக்கு எழுதுவேன். ஆனா அவளுக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா? ஸ்கூட்டியில போறாளாம் பள்ளிக்கூடத்துக்கு. மேம்பாலத்துல எல்லாம் லாரிக்காரன் எப்படி வாறான்னு பாக்கியள்லா. ராத்திரி பூரா அந்த மேம்பாலம்தான் கண்ணுக்குள்ள. அவளுக்கு ஒண்ணு ஆகக் கூடாது தம்பி. ஒண்ணும் ஆகக் கூடாது.

படத்த மறந்துட்டு வந்துட்டேன்னு சொல்லிரலாம்னு பாத்தேன். அவங்க வாட்ஸப்புல இருக்க படத்தப் பெருசாக்கி வச்சிருவாவ. நான் அனுப்பியிருக்கேன்லா. காய்ச்சல்னு சொல்லி வராம இருந்துரலாம்னு பாத்தேன். நான் இல்லாட்டா மெர்லின் போட்டுருவா. அப்ப என்ன செய்ய?

இருங்க, போன் அடிக்கி. மெர்லின்தான்.

ஹலோ. சொல்லு பிள்ள. வந்துக்கிட்டே இருக்கேன், சீதபற்பநல்லூர் தாண்டியாச்சு. மாலை வந்துட்டா? எல்லாரும் வந்தாச்சா? கொட்டாவி விடுத பயலுமா? மேடம்? மேடமும் வந்துட்டாவளா.

பிள்ள, ஒரு நிமிசம் கேளு. மாலை வேண்டாம். இல்ல இல்ல, படம் கொண்டாந்திருக்கேன். மாலை போடக் கூடாது. ஏன்னா அவ இருக்கா. என் மக. சாகல பிள்ள. அன்னைக்கு வந்து என்ன வயசுன்னு கேட்டுட்டுப் போனாவள்லா ஒரு டீச்சர், அவதான் செண்பகம். நான்தான் செத்துட்டான்னு சொன்னேன். நான் சொன்னது பொய். அவள ஒண்ணும் திட்டாதிய, அவ பாவம். கேக்குதா? மெர்லின்? ஹலோ?

ஹலோ?

கேக்கல போல. இந்த எடத்துல டவர் கெடைக்காது. எப்பவும் இப்படித்தான், விலக்கு வாரதுக்கு முந்தி கட்டாயிரும். உங்க போன எடுத்துக் கொஞ்சம் பாருங்களேன், டவர் காட்டுதான்னு.

முழுசாக் காட்டுதா.

சரி.

விலக்கு வந்துட்டு. எந்திரிக்கச் சொல்லாதீங்க தம்பி, நான் இறங்கல. பாளையங்கோட்டைக்கு எங்க இறங்கி மாறணும்னு கண்டக்டர்ட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க. நான் இந்தப் படத்தப் பைக்குள்ள வைக்கேன்.